கிலோ 3,739 ரூபாய்

ஒரு கிலோ குப்பையை அப்புறப்படுத்த என்ன செலவாகும்? உங்கள் தெருமுனைத் தொட்டிக் குப்பையைக் கேட்கவில்லை. போபாலில், யூனியன் கார்பைடு தொழிற்சாலைக்குள் வருஷக் கணக்காகப் பூட்டி வைத்திருந்த விஷக் கழிவைக் கேட்கிறேன்.

கணக்கு சுலபம். கழிவு 337 டன். அதை அள்ளி, ஏற்றி, எரித்து முடிக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் விடுவித்த தொகை 126 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 3,739 ரூபாய் வருகிறது. முதல் தர முந்திரிப்பருப்பு என்றால் மூன்று கிலோவாவது வாங்கலாம்.

'அடேயப்பா, கொள்ளை!' என்று உடனே கோபப்படாதீர்கள். விஷக் கழிவை ஒழிப்பது காஸ்ட்லியான வேலைதான். என் சண்டை விலையோடு மட்டும் இல்லை. இவ்வளவு கொடுத்து அரசாங்கம் எதை வாங்கியது? அதைத்தான் உங்களோடு சேர்ந்து கொஞ்சம் பார்க்க நினைக்கிறேன்.

முதலில், நடந்தது என்ன? 2024 டிசம்பர் 3-ம் தேதி மத்தியப் பிரதேச ஐகோர்ட் அரசாங்கத்தை ஒரு பிடி பிடித்து, நாலு வாரத்தில் கழிவு அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்றது. 2025 புத்தாண்டு தினத்தன்று இரவு, சீல் வைத்த 12 கன்டெய்னர் லாரிகள் போலீஸ் காவலோடு புறப்பட்டன. 250 கிலோமீட்டர் தூரத்தில், இந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பீதம்பூர் என்ற தொழில் நகருக்குப் பயணம். அங்கே ஒரு தனியார் இன்சினரேட்டர் இருக்கிறது. பீதம்பூர்க்காரர்கள் 'உங்கள் ஊர் விஷத்தை எங்கள் தலையில் கொட்டுவதா?' என்று தெருவில் இறங்கினார்கள். இரண்டு பேர் தீக்குளிக்கவே முயன்றார்கள். மறுபடி கோர்ட், மறுபடி அவகாசம். பிப்ரவரி, மார்ச்சில் 30 டன்னை சோதனையாக எரித்தார்கள். மீதியை மே மாதம் ஆரம்பித்து, மணிக்கு 270 கிலோ வீதம் எரித்து, ஜூன் கடைசியில் முடித்தார்கள். புகை நிர்ணயித்த அளவுக்குள்தான் இருந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது.

நாற்பது வருஷப் பாரம் இறங்கியது என்கிற தொனியில் செய்திகள் வந்தன. நீங்களும் படித்திருப்பீர்கள். 'அப்பாடா, ஒருவழியாக போபால் சுத்தமாகிவிட்டது' என்று பேப்பரை மடித்து வைத்திருப்பீர்கள்.

ஆகவில்லை. அதுதான் விஷயம்.

நாக்பூரில் இருக்கும் 'நீரி' என்ற மத்திய அரசின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத் புவி இயற்பியல் நிறுவனத்தோடு சேர்ந்து 2010-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. அந்தத் தொழிற்சாலை வளாகத்திலும் அதை ஒட்டியும் கெட்டுப் போன மண்ணின் அளவு அதில் இருக்கிறது. எவ்வளவு தெரியுமா? சுமார் 11 லட்சம் டன்.

11 லட்சத்தில் 337 எத்தனை சதவிகிதம்? கால்குலேட்டர் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். 0.03 சதவிகிதம். பத்தாயிரம் ரூபாய் கடன்காரன் மூன்று ரூபாயை நீட்டிவிட்டு, 'கணக்கு தீர்ந்தது, கையெழுத்துப் போடு' என்பது மாதிரி.

இங்கே ஒரு குழப்பத்தை நிவர்த்தி செய்ய வேண்டும். இந்தக் கழிவு 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு கசிந்த வாயுவின் மிச்சம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. வாயு அன்றைக்கே காற்றோடு போய், அரசுக் கணக்கிலேயே ஐயாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோய்விட்டது. மண்ணில் இருப்பது வேறு. 1969-லிருந்து பூச்சிமருந்து தயாரித்த ஒரு தொழிற்சாலை, அந்தப் பதினைந்து வருஷமும் தன் கொல்லைப்புறத்தில் கொட்டியும் புதைத்தும் வைத்தது. 1977-ல் மதில் சுவருக்கு வெளியே பெரிய பெரிய குளங்கள் வெட்டி, கழிவுநீரை வெயிலில் காயவிட்டார்கள். அந்தக் குளங்கள் ஒழுகின. அந்த ராத்திரி விபத்தே நடக்காமல் இருந்திருந்தாலும் இந்த மண் விஷம்தான்.

மண்ணில் இருப்பது தண்ணீருக்கு வராமல் போகுமா? டெல்லியின் சி.எஸ்.இ. அமைப்பு 2009-ல் சோதித்தபோது, தொழிற்சாலையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளிய நிலத்தடி நீரிலும் ரசாயனம் இருந்தது. அதற்கு முன்னாலேயே, 2004-ல், சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்கு சுத்தமான குடிநீர் கொடு என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டாகிவிட்டது. அடிபம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். 1984-க்கு ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் 337 என்ற எண் எங்கிருந்து வந்தது?

2005-ல், வளாகத்தில் தரைக்கு மேலே சிதறிக் கிடந்த மூட்டைகளையும் டிரம்களையும் பொறுக்கி ஒரு கொட்டகைக்குள் வைத்தார்கள். மொத்தம் 390 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 40 டன் சுண்ணாம்புச் சேறு. அதை 2008-ல் பீதம்பூருக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 2015-ல் 10 டன்னை சோதனைக்கு எரித்தார்கள். மிச்சம் 337. அதாவது, குனிந்து எடுக்க முடிந்த குப்பையின் எடை அது. தோண்டி எடுக்க வேண்டியது அதில் சேரவில்லை. நிலத்தடி நீர் சேரவே இல்லை.

ஆனால் கோப்பில் ஒரு எண் ஏறிவிட்டால் அதற்கு ஓர் அந்தஸ்து வந்துவிடுகிறது. 'போபால் கழிவு' என்றாலே 337 டன் என்று ஆகிவிட்டது. வழக்கில் அந்த எண், ஒதுக்கீட்டில் அந்த எண், கான்ட்ராக்டில் அந்த எண், நம் தலைப்புச் செய்தியிலும் அதே எண்.

ஏன் இப்படி? நம் ஊரில் ஏரி தூர் வாரும் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எத்தனை லோடு மண் எடுத்தார்கள் என்பதற்கு பில் இருக்கும். எம்-புக்கில் நீளம், அகலம், ஆழம் எழுதி இன்ஜினீயர் கையெழுத்து இருக்கும். மழை வந்தால் ஏரியில் தண்ணீர் நிற்குமா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் காலம் கிடையாது. அரசு கான்ட்ராக்டில் எதை அளக்கிறோமோ அதற்குத்தான் பணம். அளக்காததை எவனும் செய்ய மாட்டான். கான்ட்ராக்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. 337 டன் எரிக்கச் சொன்னீர்கள், எரித்தேன், பணத்தை எடு. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது!

தப்பு எங்கே என்றால், வேலையை எடையில் அளந்ததில். சுத்தம் செய்வது என்பது எவ்வளவு எடுத்தோம் என்பதில் இல்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. வீட்டில் பாத்திரம் கழுவினால் எத்தனை கிலோ அழுக்கு போனது என்றா பார்க்கிறோம்? தட்டை வெளிச்சத்தில் பிடித்து, பிசுக்கு இருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்.

சரி, விலைக்கு வருவோம். வணிகவியல் படித்தவனுக்கு விலையைப் பார்க்காமல் தூக்கம் வராது.

2012-ல் ஜெர்மனியின் ஜி.ஐ.இசட். என்ற அரசு நிறுவனம், இதே கழிவை விமானத்தில் ஏற்றி ஜெர்மனிக்குக் கொண்டுபோய் எரித்துத் தருகிறேன் என்றது. அப்போது கழிவு 346 டன். கேட்ட தொகை சுமார் 25 கோடி. கிலோவுக்கு ஏறக்குறைய 723 ரூபாய், விமானச் செலவு உள்பட! போபாலுக்கான மத்திய அமைச்சர்கள் குழு அதற்கு ஒப்புதலும் கொடுத்தது. குழுவின் தலைவர் நம் ப.சிதம்பரம். ரசாயனத் துறை அமைச்சர் நம் மு.க.அழகிரி. ஆனால் ஜெர்மனியிலும் எதிர்ப்பு கிளம்ப, சில மாதங்களில் அந்த நிறுவனம் ஜகா வாங்கிவிட்டது.

அதற்கு முன் குஜராத்தின் அங்கலேஷ்வர். முதலில் சரி என்ற குஜராத் அரசு, பிறகு முடியாது என்றது. அப்புறம் நாக்பூர் பக்கம். மகாராஷ்டிரமும் முடியாது என்றது. கழிவு கொட்டகையை விட்டு நகரவில்லை. கோப்பு மட்டும் இந்தியாவைச் சுற்றி வந்தது.

2012-லிருந்து 2024-க்குள் விலைவாசி இரண்டு மடங்காகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 723 ரூபாய் 1,446 ஆகும். நாம் கொடுத்ததோ 3,739. நடுவில் இருக்கும் 2,293 ரூபாய் எதற்கு? போலீஸ் காவல், போராட்டம், கோர்ட் கெடு, நாலு வாரத்தில் முடி என்ற அவசரம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். கடைசி நேரத்தில் கல்யாண மண்டபம் தேடுகிறவனுக்கு வாடகை குறையுமா? என் பாஷையில் அதற்குப் பெயர் தாமதக் கட்டணம். அரசாங்கம் தள்ளிப்போட்டது, அபராதத்தை நீங்களும் நானும் கட்டினோம்.

நாம் ஏன் கட்ட வேண்டும்? குப்பை போட்டது கார்பைடு அல்லவா?

நல்ல கேள்வி. அமெரிக்க கார்பைடு கம்பெனி 1989-ல் 47 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 1994-ல் இந்தியக் கம்பெனியின் பங்குகளை விற்றது. பெயர் மாறிய இந்தியக் கம்பெனி, 1998-ல் குத்தகை நிலத்தை மத்தியப் பிரதேச அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. அரசாங்கமும் வாங்கி வைத்துக்கொண்டது! வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் சுவரில் ஆணி அடித்திருந்தால்கூட அட்வான்ஸில் பிடிக்கிற நாடு இது. 11 லட்சம் டன் விஷ மண்ணோடு சாவியைக் கொடுத்தவர்களை, 'போய் வாங்க' என்று அனுப்பி வைத்தது.

2001-ல் டவ் கெமிக்கல் நிறுவனம் யூனியன் கார்பைடை வாங்கியது. சுத்தம் செய்யும் செலவுக்கு டவ் முன்பணமாக 100 கோடி கட்ட வேண்டும் என்று மத்திய அரசின் ரசாயனத் துறை 2005-ல் ஐகோர்ட்டில் மனுப் போட்டது. பணம் வரவில்லை. கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசு 2010-ல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட மனு, 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. பேலன்ஸ் ஷீட்டில் சொத்தும் பொறுப்பும் சேர்ந்தே நகரும் என்பது முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லித் தருகிற பாடம். இங்கே சொத்து ஒரு பக்கம் போனது. பொறுப்பு நம் மடியில் விழுந்தது.

இத்தனைக்கும், 'கெடுத்தவனே செலவழிக்க வேண்டும்' என்பது இந்த நாட்டின் சட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே சொல்லிவிட்டது. எந்த வழக்கில்? நம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில்! அந்த வட்டாரத்திலேயே, ராணிப்பேட்டையில், 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு லட்சக்கணக்கான டன், கால் நூற்றாண்டுக்குப் பிறகும் மேடாகவே கிடந்தது. தீர்ப்பு வந்த ஊருக்கே பலன் வரவில்லை.

ஒரு வித்தியாசமான உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை. உடைந்த தெர்மாமீட்டர்களை பழைய இரும்புக் கடைக்குப் போட்டது 2001-ல் அம்பலமானது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஆனால் கொடைக்கானல்காரர்கள் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. மண்ணில் என்ன மிச்சம் என்று கேட்டார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று கம்பெனிக்கு அனுமதி கிடைத்தபோது, 'அது எப்படிப் போதும்? சோலைக்காட்டுக்குப் பக்கத்தில், இன்னும் கடுமையாக வை' என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. என்றாலும் சரியான எண்ணுக்காகப் போராடினார்கள். எத்தனை டன் போனது என்பதை விட்டுவிட்டு, எத்தனை மில்லிகிராம் தங்கியது என்று கேட்டார்களே, அதுதான் படித்த கேள்வி. செலவும் கம்பெனியுடையது.

'அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஸார்' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அங்கே 1980-லேயே 'சூப்பர்ஃபண்ட்' என்று ஒரு சட்டம் போட்டார்கள். கெடுத்த கம்பெனி, அதை வாங்கிய கம்பெனி, நிலத்துக்காரர் என்று யாரையும் விடாமல் பிடிக்கிற சட்டம். ஆள் கிடைக்காத இடங்களுக்கு, எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளிடம் வரி வாங்கி ஒரு நிதி. மண்ணில் எது, எந்த அளவுக்குக் குறைய வேண்டும் என்பதை முதலில் எழுதி, மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். விஷம் அங்கேயே இருக்கும்படி விட்டால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஏட்டில் அருமை. நடப்பில்? அந்த நிதியில் செய்த குளறுபடிகளால் 1983-ல் சுற்றுச்சூழல் துறையின் தலைவி பதவி விலகினார். சூப்பர்ஃபண்டை நிர்வகித்த அதிகாரி, நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதற்காக ஜெயிலுக்குப் போனார். வரி 1995-ல் காலாவதியாகி, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் திரும்ப வரவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் கதிரியக்கத்தால் கெட்டுப் போன ஒரு பழைய கடற்படைத் தளத்தைச் சுத்தம் செய்ய கான்ட்ராக்ட் கொடுத்தார்கள். மண் மாதிரியை எடுத்ததும் கான்ட்ராக்டரின் ஆட்களே. வேறு இடத்து நல்ல மண்ணை அள்ளி 'இதுதான் அந்த மண்' என்று அனுப்பினார்கள். இரண்டு மேற்பார்வையாளர்களுக்கு 2018-ல் தலா எட்டு மாதம் சிறை. பரீட்சை எழுதுகிறவனே பேப்பர் திருத்தினால் அமெரிக்காவிலும் நூற்றுக்கு நூறுதான்!

மறுபடி பீதம்பூர். எரித்த பிறகு என்ன ஆயிற்று? 337 டன்னோடு, கழிவு பட்ட கூடுதல் மண்ணும் கட்டிவைத்த பைகளும் சேர்ந்து எரிந்தன. சாம்பலும் எச்சமுமாக மிஞ்சியது எண்ணூறு டன்னுக்கும் மேல். இது மந்திரம் இல்லை. எரிக்கும்போது அமிலத்தை அடக்க சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள், அதனால் எடை கூடும். அந்தச் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கலாம் என்பதால், அதைச் சும்மா கொட்ட முடியாது. அதை எங்கே புதைப்பது என்ற வாதம் 2025-ன் பிற்பாதியிலும் ஐகோர்ட்டில் தொடர்ந்தது. எடையில் பேசிய வியாபாரத்தை எடையிலேயே பார்த்தால், 337 கொடுத்து எண்ணூற்றுச் சொச்சம் திரும்ப வாங்கியிருக்கிறோம்.

'சரி, போபால் எங்கேயோ இருக்கிறது, எனக்கென்ன?' என்கிறீர்களா? 2025 ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களுக்கென்றே முதல் முறையாகத் தனி விதிகள் கொண்டுவந்தது. அப்போது சொன்ன கணக்குப்படி நாட்டில் அடையாளம் கண்டிருக்கும் இடங்கள் 103. அதில் சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது வெறும் 7 இடங்களில். இனி இந்த விதிகளின்படி ஊர் ஊராக டெண்டர் வரும். விதிகள் வந்தது நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆய்வு செய்ய, பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் இடத்தைச் சுத்தம் செய்து முடிக்க மட்டும் கெடு கிடையாது. கெடு இல்லாத அரசு வேலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு வேலைக்கு டெண்டர் வந்தால், கிராமசபையிலோ கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ எழுந்து நான்கே நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: வேலையை எதில் அளக்கப் போகிறீர்கள்? எடுத்த டன்னிலா, மண்ணிலும் தண்ணீரிலும் தங்கிய மில்லிகிராமிலா?

இரண்டு: சோதனைக்கு மண் எடுக்கப் போவது யார்? கான்ட்ராக்டரின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா?

மூன்று: எடுத்தது எந்த ஊருக்குப் போகிறது? அந்த ஊர்க்காரர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நான்கு: பில்லைக் கட்டப் போவது யார்? கெடுத்தவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போதே பணத்தை வாங்கி வைத்தீர்களா?

போபாலில் இந்த நான்கையும் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்ட பெண்களின் அமைப்புகள் வருஷம் தவறாமல் கேட்டன. டெல்லிக்கு நடந்தே போய்க் கேட்டன. கான்ட்ராக்டில் அந்தக் கேள்விகள் ஏறவில்லை. கொட்டகையில் இருந்தது மட்டும் ஏறியது.

கொட்டகை காலி. பக்கத்துக் குடியிருப்புகளில் அடிபம்புகள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு அடியில் இருப்பதற்கு கிலோ என்ன விலை என்று யாரும் இதுவரை டெண்டர் கேட்கவில்லை.